பழைய காருக்குப் பெரிய சக்கரமா?

விரலுக்குத் தகுந்த வீக்கம் வேண்டும் என்பார்கள் பெரியவர்கள். மோட்டார் காருக்கும் அது பொருந்தும்.

பழைய கார்களுக்கு இப்போது மவுசு வந்திருக்கிறது. தாத்தா ஓட்டிய கார், கொட்டகையில் தூசி படிந்து கிடக்கிறது. பேரன் அதைத் தட்டி எழுப்புகிறான். துருப்பிடித்த தகரத்தை வெட்டி எடுத்துப் புதுத் தகரம் வைக்கிறான். என்ஜினைப் பிரித்துப் பூட்டுகிறான். புது வர்ணம் அடிக்கிறான். நல்ல காரியம்தான். பாராட்ட வேண்டிய காரியம்தான்.

ஆனால், வர்ணம் காய்வதற்குள் இன்னோர் ஆசை பிறந்து விடுகிறது.

"சக்கரத்தை மாற்றினால் என்ன?"

13 அங்குலச் சக்கரத்தைக் கழற்றுகிறார்கள். 15 அங்குலம், 16 அங்குலம் என்று பளபளக்கும் அலாய் சக்கரத்தை மாட்டுகிறார்கள். அதைச் சுற்றி ஒரு பட்டை போல மெல்லிய டயர். "வெளிநாட்டு ஸ்போர்ட்ஸ் கார் போல இருக்கிறதா, இல்லையா?" என்று கேட்கிறார்கள்.

இருக்கிறது. ஆனால், வெளிநாட்டுப் படத்தில் அந்தக் கார் நிற்கும் சாலை வேறு. மணலியில் நாம் ஓட்டும் சாலை வேறு. வம்பு அங்கேதான் இருக்கிறது.

வண்டி பிறந்த சீமை

இதை மணலியில் பேசுவதற்குக் காரணம் உண்டு. வடசென்னை, வண்டிகள் பிறந்த இடம்.

1948-ல் தொடங்கிய அசோக் மோட்டார்ஸ், எண்ணூரில் ஆஸ்டின் கார்களைப் பூட்டியது. 1955-ல் அதுவே அசோக் லேலண்டு ஆயிற்று. லாரியும் பஸ்ஸும் செய்தது. அதே 1955-ல் உருவான என்பீல்டு இந்தியா, திருவொற்றியூரில் புல்லட் மோட்டார் சைக்கிளைச் செய்தது. அதே திருவொற்றியூரில்தான் கே.எம். மம்மன் மாப்பிள்ளை 1946-ல் குழந்தைகள் விளையாடும் பலூன் செய்யத் தொடங்கினார். பலூன் செய்த இடம், தேய்ந்த டயருக்கு மேல் ஒட்டும் ரப்பர் செய்தது. 1961-ல் அமெரிக்காவின் மான்ஸ்பீல்டு கம்பெனியோடு சேர்ந்து டயரே செய்தது. அதுதான் எம்.ஆர்.எப்.

பலூனுக்கும் டயருக்கும் உள்ளே இருப்பது ஒன்றுதான்: காற்று. இதை நினைவில் வைத்துக் கொள்ளுங்கள். இந்தக் கட்டுரை முழுவதும் அந்தக் காற்றைப் பற்றித்தான்.

மதராஸில் செய்த கார்

சென்னைக்குத் தெற்கே வண்டலூரில் ஸ்டாண்டர்டு மோட்டார் கம்பெனி இருந்தது. 1961 முதல் அங்கே 'ஸ்டாண்டர்டு ஹெரால்டு' என்ற கார் தயாராயிற்று. இங்கிலாந்தில் 1959-ல் வந்த 'டிரயம்ப் ஹெரால்டு' காரின் இந்தியப் பிறப்பு அது. உருவம் வரைந்தவர் மிக்கெலோட்டி என்ற இத்தாலியர்.

ஹெரால்டுக்கு 948 சி.சி. என்ஜின். முன்பக்கம் முழுவதும், மட்கார்டு உட்பட, ஒரே மூடியாக முன்னே சாயும். உள்ளே நின்றுகொண்டே மெக்கானிக் வேலை பார்க்கலாம். இன்னொரு பெருமை: சுமார் 25 அடி வட்டத்துக்குள் திரும்பிவிடும். குறுகலான சந்தில் ஹெரால்டுக்கு இணை ஹெரால்டுதான்.

1962-ல் இங்கிலாந்தில் ஹெரால்டின் அடிச்சட்டத்தைக் குட்டையாக்கி, இருவர் அமரும் ஸ்போர்ட்ஸ் கார் செய்தார்கள். அதன் பெயர் 'ஸ்பிட்பயர்'. 1980 வரை 3 லட்சத்துக்கும் மேல் செய்தார்கள். ஆகவே நம் ஹெரால்டு, ஒரு பெயர்பெற்ற ஸ்போர்ட்ஸ் காரின் உடன்பிறப்பு. இரண்டுக்கும் 13 அங்குலச் சக்கரம்தான். வெளிநாட்டில் ஸ்பிட்பயர் வைத்திருப்பவர்கள் சக்கரத்தை மாற்றும் படங்களைப் பார்த்து, இங்கே ஹெரால்டு வைத்திருப்பவர்களுக்கும் ஆசை வருகிறது.

ஆசை வருவது தப்பில்லை. கணக்குத் தெரியாமல் ஆசைப்படுவதுதான் தப்பு.

டயரில் எழுதியிருப்பது என்ன?

டயரின் பக்கச் சுவரில் எண்கள் இருக்கும். பலர் அதைப் படிப்பதே இல்லை. படிக்கத் தெரிந்தால், கடைக்காரர் நம்மை ஏமாற்ற முடியாது. எளிதுதான். பாருங்கள்.

145/80 ஆர் 13 என்று எழுதியிருக்கிறது என்று வைத்துக் கொள்வோம்.

145 என்பது டயரின் அகலம். மில்லி மீட்டர் கணக்கு.

80 என்பது பக்கச் சுவரின் உயரம். அகலத்தில் 100-க்கு 80 பங்கு. அதாவது 116 மில்லி மீட்டர். ஏறக்குறைய நாலரை அங்குலம்.

ஆர் என்றால் ரேடியல் டயர்.

13 என்பது உள்ளே இருக்கும் ரிம்மின் விட்டம், அங்குலக் கணக்கு.

ரிம், அதற்கு மேலே ஒரு சுவர், கீழே ஒரு சுவர்; மூன்றையும் கூட்டினால் சக்கரத்தின் மொத்த உயரம் வரும். இங்கே அது 562 மில்லி மீட்டர்.

இப்போது 15 அங்குல ரிம் மாட்டுகிறோம். பக்கச் சுவர் பழைய உயரமே இருந்தால், மொத்த உயரம் 613 மில்லி மீட்டர் ஆகிவிடும். ஸ்பீடா மீட்டர் 60 கிலோ மீட்டர் காட்டும்போது, கார் உண்மையில் 65-க்கு மேல் ஓடும். மட்கார்டிலும் இடிக்கும். கிளம்பும்போது என்ஜின் திணறும்.

ஆகவே என்ன செய்கிறார்கள்? ரிம்மைப் பெரிதாக்கி, டயரின் சுவரைக் குட்டையாக்குகிறார்கள். 165/55 ஆர் 15 போட்டால் மொத்த உயரம் பழையபடி 562-தான். 195/40 ஆர் 16 போட்டாலும் அதே 562-தான்.

ஆனால் சுவரின் உயரம்? 13 அங்குல ரிம்மில் 116 மில்லி மீட்டர் இருந்தது. 15 அங்குல ரிம்மில் 91 ஆயிற்று. 16 அங்குல ரிம்மில் 78 ஆயிற்று. நாலரை அங்குலம் இருந்த இடத்தில் மூன்று அங்குலம்!

இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். "பெரிய சக்கரம் பள்ளத்தில் சுலபமாக ஏறி இறங்குமே! மாட்டு வண்டிச் சக்கரம் அதற்காகத்தானே பெரிதாக இருக்கிறது?" என்று கேட்கிறார்கள். மாட்டு வண்டியின் சக்கரம் மொத்தமாகவே பெரிது. அது சரி. இங்கே மொத்த உயரம் ஒரு நூல்கூடக் கூடவில்லை. வளர்ந்தது உலோகம். குறைந்தது காற்று.

காற்றின் வேலை

அயர்லாந்துத் தீவின் பெல்ஃபாஸ்ட் நகரில் டன்லப் என்ற கால்நடை வைத்தியர் இருந்தார். தம் சிறுவன் ஓட்டிய மூன்று சக்கர சைக்கிள் கல் பாவிய தெருவில் தடதடவென்று குலுங்கியது. ரப்பர்க் குழாயில் காற்றை அடைத்துச் சக்கரத்தைச் சுற்றிக் கட்டினார். குலுக்கல் குறைந்தது. 1888-ல் அதற்குக் காப்புரிமை பெற்றார். இன்று உலகம் முழுவதும் ஓடும் காற்று டயருக்கு அதுவே வழி திறந்தது.

சக்கரம் ஒரு கல்லின் மேல் ஏறும்போது, முதலில் அடி வாங்குவது டயர். பக்கச் சுவர் வளைந்து கொடுக்கிறது. உள்ளே இருக்கும் காற்று அமுங்குகிறது. அடியின் வேகம் அங்கேயே பாதி அடங்கிவிடுகிறது. மிச்சம்தான் ஸ்பிரிங்குக்குப் போகிறது. அதற்கும் மிச்சம் இருந்தால்தான் நம் இடுப்புக்கு வருகிறது.

சுவர் குட்டையானால்? வளைய இடம் இல்லை. பள்ளத்தின் விளிம்புக்கும் ரிம்மின் விளிம்புக்கும் நடுவில் டயர் சிக்கிக் கொள்கிறது. பாக்குவெட்டியில் சிக்கிய பாக்கின் கதிதான். உள்ளே இருக்கும் நூல்கள் அறுந்து விடும். வெளியே ஒரு புடைப்பு தெரியும். குழந்தை கன்னத்தில் மிட்டாயை அடக்கி வைத்தது போல இருக்கும். அந்த டயரை அதற்கு மேல் ஓட்டக் கூடாது. அதைப் பஞ்சர் போட்டுச் சரி செய்யவும் முடியாது. வேகமாகப் போகும்போது வெடித்தால், கார் யார் பேச்சையும் கேட்காது.

ரிம்முக்கும் ஆபத்து உண்டு. பழைய இரும்பு ரிம் அடி வாங்கினால் நெளியும். நெளிந்ததைத் தட்டி நிமிர்த்தலாம். அலாய் ரிம் பலமாக அடி வாங்கினால் விரிசல் விடும். விரிசல் விட்ட ரிம்மை நம்பிக் குடும்பத்தை ஏற்றிச் செல்லக் கூடாது.

லாபமே இல்லையா?

உண்டு. நியாயமாகச் சொல்ல வேண்டும்.

உயரமான சுவர், வளைவில் வேகமாகத் திரும்பும்போது பக்கவாட்டில் நெளியும். குட்டைச் சுவர் அப்படி நெளியாது. ஸ்டீயரிங்கைத் திருப்பியவுடன் கார் திரும்பும். பெரிய ரிம்முக்குள் பெரிய பிரேக் வைக்க இடம் கிடைக்கும். பந்தயக் காருக்கு இவை மிகவும் தேவை. இத்தாலியின் பைரெல்லி கம்பெனி 1970-களில் கொண்டு வந்த பி-7 போன்ற குட்டைச் சுவர் டயர்கள் பந்தயத்துக்கென்று பிறந்தவை. பிறகுதான் தெருவில் ஓடும் வேகக் கார்களுக்கு வந்தன.

நமக்கும் பந்தயம் புதிதல்ல. மணலிக்கு மேற்கே சோழவரத்தில், யுத்த காலத்து விமான ஓடுதளத்தில் பல ஆண்டுகள் கார்ப் பந்தயம் நடந்தது. கூட்டம் அலைமோதும். 1990-ல் இருங்காட்டுக்கோட்டையில் புதிய பந்தயத் தளம் வந்தது. அத்தகைய இடத்தில் தரை சமமாக இருக்கும். எதிரே மாடு வராது. வேகத்தடை கிடையாது. அங்கே மெல்லிய டயர் ராஜா.

மணலியின் கதை வேறு. சென்னைத் துறைமுகம், எண்ணூர் காமராஜர் துறைமுகம், காட்டுப்பள்ளித் துறைமுகம். இவற்றுக்குப் போகும் கன்டெய்னர் லாரிகள் இந்த வட்டாரச் சாலைகளை நசுக்குகின்றன. மழை பெய்தால் பள்ளம் எது, சாலை எது என்று தெரிவதில்லை. தண்ணீருக்கு அடியில் உடைந்த கான்கிரீட் விளிம்பு காத்திருக்கும். மெல்லிய டயர் இங்கே ராஜா அல்ல, நோஞ்சான்.

மழையில் இன்னோர் அபாயமும் உண்டு. டயர் அகலமாக ஆக, தேங்கிய தண்ணீரை ஒதுக்குவது கடினம். வேகமாகப் போனால் தண்ணீரின் மேல் மிதக்கும். மிதக்கும் சக்கரத்துக்குப் பிரேக் பிடித்துப் பயன் இல்லை.

காரின் எலும்பு தாங்குமா?

டயர் மட்டும் அல்ல. பழைய காரின் உடம்பையும் பார்க்க வேண்டும்.

ஹெரால்டின் முன் சக்கரத்தைக் கீழே தாங்குவது 'டிரன்னியன்' என்ற சிறிய பித்தளை உறுப்பு. அதற்கு அவ்வப்போது கெட்டியான கியர் எண்ணெய் விட வேண்டும். விடாமல் போனால் தேய்ந்து, ஒரு நாள் சக்கரமே மடங்கிவிடும். அகலமான டயரை, ரிம் வெளியே துருத்தும்படி மாட்டினால், இந்த உறுப்புக்கும் பேரிங்குக்கும் பாரம் கூடும். கையை மடக்கி வாளி தூக்குவதற்கும், கையை நீட்டித் தூக்குவதற்கும் உள்ள வித்தியாசம்தான்.

பின் சக்கரத்தின் அமைப்பும் விசேஷமானது. ஹெரால்டின் பின் ஆக்சில் இரண்டு துண்டு. நடுவில் இருந்து ஊஞ்சல் போல ஆடும். வளைவில் மிக வேகமாகப் போய், திடீரென்று ஆக்சிலேட்டரை விட்டால், பின்பக்கம் மேலே எழும்பும். சக்கரம் உள்ளே மடியும். டயரின் பிடிப்பு கூடினால் இந்தக் குணமும் கூடும். இந்த ஆக்சில் நம் ஊர்க்காரர்களுக்கும் மெக்கானிக்குகளுக்கும் பிடிக்கவில்லை. 1970-களில் வந்த 'ஸ்டாண்டர்டு கெஸல்' காரில் கம்பெனியே அதை மாற்றி, ஒரே தண்டாக வைத்தது.

அந்த 25 அடி வட்டப் பெருமை? அதுவும் போகும். முன் சக்கரம் மிக அதிகமாகத் திரும்புவதால்தான் அந்தப் பெருமை. அகலமான டயர் மட்கார்டிலும் சட்டத்திலும் உரசும். உரசாமல் இருக்கத் திருப்பத்தைக் குறைக்க வேண்டும். பவர் ஸ்டீயரிங் இல்லாத கார், கைக்கும் கனமாகும்.

அச்சாணி இல்லாத தேர் முச்சாணும் ஓடாது என்பது பழமொழி. அலாய் சக்கரத்தில் அச்சாணியின் வேலையைச் செய்வது நட்டும் போல்ட்டும். அலாய் ரிம் தடிமனானது. பழைய போல்ட்டின் நீளம் போதாமல், நட் இரண்டு மூன்று சுற்றிலேயே நின்றுவிட்டால், அந்தக் காரைக் கடையை விட்டு வெளியே எடுக்கவே கூடாது.

சட்டம் என்ன சொல்கிறது?

மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு, கம்பெனி கொடுத்த அமைப்புக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் சுப்ரீம் கோர்ட்டும் அதை உறுதி செய்தது. அதே ஆண்டு சட்டம் திருத்தப்பட்டது. அனுமதி இல்லாத மாறுதல் ஒவ்வொன்றுக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது 6 மாதம் வரை சிறை, அல்லது இரண்டும் விதிக்கலாம்.

பழைய காருக்குத் தனி மரியாதையும் உண்டு. 2021-ல் மத்திய அரசு விதி கொண்டு வந்தது. 50 ஆண்டைத் தாண்டிய கார், அதன் அசல் உருவத்தில் காப்பாற்றப்பட்டிருந்தால், 'பாரம்பரிய வாகனம்' என்று பதிவு செய்து தனி எண் பெறலாம். அசலைக் காத்தவருக்குத்தான் அந்த மரியாதை. அதனால் கழற்றிய பழைய சக்கரத்தைக் காயலான் கடைக்குப் போடாதீர்கள். நாளைக்கு அதைத் தேடி அலைய வேண்டி வரும்.

என்ன செய்யலாம்?

முதல் யோசனை: 13 அங்குலத்திலேயே இருங்கள். பழைய ரிம்மின் அகலத்துக்குப் பொருந்தும் புது ரேடியல் டயர் போட்டாலே கார் பாதி புதிதாகிவிடும்.

மாற்றியே தீர வேண்டும் என்றால், முதலில் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்திலும் இன்சூரன்ஸ் கம்பெனியிலும் கேளுங்கள். ஒரு அங்குலத்துக்கு மேல் போகாதீர்கள். 165/65 ஆர் 14 டயரின் மொத்த உயரம் 570 மில்லி மீட்டர். சுவர் 107 மில்லி மீட்டர். காற்றுக்கு இடம் இருக்கிறது.

ரிம்மின் துளைக் கணக்கைப் பாருங்கள். ஹெரால்டுக்கு நாலு துளை. துளைகள் அமைந்த வட்டம் 95.25 மில்லி மீட்டர். "100 மில்லி மீட்டர் ரிம்தான் இருக்கிறது, இழுத்துப் பிடித்தால் ஏறிவிடும்" என்று யாராவது சொன்னால், கும்பிடு போட்டுவிட்டு வந்துவிடுங்கள்.

டயர் தாங்கும் பாரத்தைப் பாருங்கள். அளவுக்குப் பக்கத்தில் 75 என்று இருந்தால், அந்த டயர் 387 கிலோ தாங்கும். பழைய டயரை விடக் குறைந்த எண் கூடாது.

டயரின் வயதைப் பாருங்கள். பக்கச் சுவரில் நான்கு இலக்கம் இருக்கும். 2324 என்றால் 2024-ம் ஆண்டின் 23-வது வாரத்தில் செய்தது. ஓடாமல் நின்ற காரின் டயர் பார்வைக்குப் புதிதாக இருக்கும். ரப்பருக்கு வயது ஏறியிருக்கும்.

காற்றைக் காலையில், வண்டி ஓடுவதற்கு முன் பாருங்கள். காற்று குறைந்தால் குட்டைச் சுவர் டயருக்குத்தான் முதல் ஆபத்து.

கடைக்காரர்களும் அதிகாரிகளும்

டயர் கடைக்காரர்களுக்கு ஒரு வார்த்தை. வாடிக்கையாளர் ஆசைப்பட்டுக் கேட்கிறார் என்பதற்காக எதையும் மாட்டி அனுப்பாதீர்கள். "இது உங்கள் காருக்குப் பொருந்தாது" என்று ஒரு வார்த்தை சொன்னால், ஒரு வியாபாரம் போகலாம். ஒரு குடும்பம் பிழைக்கும். அந்தக் குடும்பம் உங்கள் கடைக்குத்தான் திரும்பி வரும்.

பெற்றோருக்கு ஒரு வார்த்தை. பிள்ளையின் ஆசையைத் திட்டி அடக்க வேண்டாம். டயரில் எழுதியிருக்கும் எண்ணைப் படிக்கச் சொல்லுங்கள். கணக்குப் போடச் சொல்லுங்கள். கணக்குப் போட்ட பிள்ளை தானே திருந்தும்.

அதிகாரிகளுக்கும் ஒரு வார்த்தை உண்டு. மணலி எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலை 1969-ல் ஓடத் தொடங்கியது. சாலைக்கு ஊற்றும் தார் அங்கே தயாராகிறது. ஊருக்கெல்லாம் தார் கொடுக்கும் மணலியில், மணலிச் சாலை குண்டும் குழியுமாகக் கிடக்கலாமா? 2011-ல் மணலி சென்னை மாநகராட்சியோடு சேர்ந்தது. வரியும் மாநகர வரிதான். சாலையும் மாநகரச் சாலையாக இருக்க வேண்டாமா? பழைய கார் வைத்திருப்பவர் நூற்றில் ஒருவர்கூட இல்லை. ஆனால் அதே பள்ளத்தில்தான் தொழிலாளியின் சைக்கிள் இறங்குகிறது. பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்துக்கு ஏற்றிச் செல்லும் ஆட்டோவும் அதில்தான் இறங்குகிறது.

சாலை சரியாகும் நாள் வரட்டும். அதுவரை, டயருக்குள் இருக்கும் அந்த நாலரை அங்குலக் காற்றை யாரும் விலை கொடுத்துக் குறைத்துக்கொள்ள வேண்டாம். பளபளப்பை ஊர் பார்க்கும். அடியை நம் வீட்டுப் பிள்ளைதான் வாங்கும்.